பால்மரக் காட்டின் மேல் ஒரு பிக்சல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு பி.பி. 86, பி.பி. 260 ஆகிய ஒட்டுரகங்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவை பிறந்த தோட்டம்தான் இன்று இல்லை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள், கோலாலம்பூருக்குத் தெற்கே சிலாங்கூர் மாநிலத்தில் 1921-இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டம் அது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் அங்கே மரம் சீவினார்கள். 1995-இல் அந்த நிலத்தில் மலேசியாவின் புதிய நிர்வாகத் தலைநகரைக் கட்டத் தொடங்கினார்கள். 1999-இல் அரசு அலுவலகங்கள் அங்கே இடம் மாறின. புத்ராஜெயா என்று இன்று நாம் அறியும் நகரம் அதுதான். பிராங் பெசாரிலும் பக்கத்து செட்ஜ்லி, மெடிங்லி, கேலோவே தோட்டங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போயின.

இந்தக் கதையைச் சொல்ல அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களோடு இன்னொரு சாட்சியும் உண்டு. 1984 மார்ச் மாதம் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள், 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, 16 நாளுக்கு ஒருமுறை, புத்ராஜெயா அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் மேல் வந்து போனது. மூன்றாண்டு உழைத்தால் போதும் என்று செய்யப்பட்ட அது 2013 வரை உழைத்தது. பால்மரம் நின்ற காலம், மண் சிவந்து கிடந்த காலம், கட்டடம் எழுந்த காலம் மூன்றையும் ஒரே கருவி பார்த்திருக்கிறது.

அது பார்த்தது எண்களை. தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர் சதுரம் ஒன்று, படத்தில் ஒரு பிக்சல். பரப்பு 900 சதுர மீட்டர். லேண்ட்சாட்டின் ஒரு படச்சட்டம் சுமார் 185 கிலோமீட்டர் அகலமும் 180 கிலோமீட்டர் நீளமும் கொண்டது. அதற்குள் ஏறத்தாழ 3 கோடியே 70 லட்சம் பிக்சல்கள். பாதை 127, வரிசை 58 என்று தேடினால் கோலாலம்பூர், கிள்ளான், புத்ராஜெயா எல்லாம் ஒரே சட்டத்தில் வந்துவிடும். ஒவ்வொரு பிக்சலுக்கும் நீலம், பச்சை, சிவப்பு, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு, குற்றலை அகச்சிவப்பு எனத் தனித்தனி எண்கள் உண்டு. அந்தந்த நிறத்தில் தரை எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியது என்பதுதான் அந்த எண்.

பச்சை இலை சிவப்பு ஒளியை உண்டுவிடும். அண்மை அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். இந்த இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது தாவரக் குறியீடு. புத்ராஜெயா ஏரிக்கு நடுவே இன்று இருக்கும் ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். அங்கே முன்பு தோட்டம் இருந்தது. சிவப்பு 0.03, அகச்சிவப்பு 0.35 என்று வைத்தால் குறியீடு 0.84. மரத்தைச் சாய்த்து மண்ணைப் புரட்டிய பிறகு சிவப்பு 0.18, அகச்சிவப்பு 0.25, குறியீடு 0.16-க்கு இறங்கிவிடும். சுவாவ், பீசா ஆறுகளைத் தடுத்து ஏரி நிரம்பிய பின் அகச்சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடுவதால் குறியீடு பூஜ்யத்துக்கும் கீழே போகும். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. இறங்கும் வரிசை மெய்யானது. புத்ராஜெயாவின் பரப்பு சுமார் 49 சதுர கிலோமீட்டர். அதாவது ஐம்பத்து நாலாயிரத்துச் சொச்சம் பிக்சல்கள், அவற்றில் பல சில ஆண்டுகளுக்குள் இப்படிச் சரிந்தன.

இவ்வளவு பெரிய சரிவைக் கண்டுபிடிக்க மென்பொருள் எதற்கு, இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியாதா என்று தோன்றலாம். புத்ராஜெயாவுக்குத் தெரியும். ஆனால் 3 கோடியே 70 லட்சம் பிக்சல்களில் எவை உண்மையாக மாறின என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் வந்த முறை நேரடியான கழித்தல். பழைய படத்தின் எண்ணிலிருந்து புதிய படத்தின் எண்ணைக் கழி. மிச்சம் ஒரு வரம்பைத் தாண்டினால் அந்த பிக்சல் மாறிவிட்டது. வடகிழக்கு இந்தியக் காடுகளை இப்படி ஆராய்ந்த அஷ்பிந்து சிங், அன்று புழங்கிய முறைகளையெல்லாம் திரட்டி 1989-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கழித்தல் எளிது, வேகமானது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அதை அப்படியே ஓட்டினால் வரைபடம் முழுக்கப் பொய் சிவந்து நிற்கும்.

பால்மரத்தையே பாருங்கள். தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். இலை பழுத்து, சிவந்து, கொட்டி, கிளைகள் மொட்டையாக நிற்கும். சில வாரங்களில் தளிர் விடும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சருகு மெத்தையில் நடந்த நினைவு இருக்கும். டிசம்பர் படத்தையும் பிப்ரவரிக் கடைசிப் படத்தையும் கழித்தால், மென்பொருள் அத்தனை தோட்டங்களும் அழிந்துவிட்டதாக அறிவிக்கும். ஒரு மரம்கூட விழுந்திருக்காது.

கடலோரத்தில் வேறு சிக்கல். கிள்ளான் துறைமுகத்தில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் ஏறி இறங்கும் உயரம் சுமார் நான்கு மீட்டர். அங்குள்ள பூலாவ் இண்டா தீவின் கரையில் ஒரு படத்தில் சேறு, அடுத்ததில் தண்ணீர். செயற்கைக்கோள் வரும் நேரம் மாறுவதில்லை. கடலின் நேரம் நாளுக்கு நாள் மாறுகிறது. அலையாத்திக் காட்டை அழித்து மேற்குத் துறைமுகம் கட்டிய 1990-களின் உண்மையான மாற்றத்தோடு, இந்த ஏற்றவற்றமும் அதே தீவின் ஓரத்தில் மாற்றமாகக் கணக்கில் ஏறிவிடும்.

புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்கு சுமத்ராவின் புகை சூழ்ந்தது. அடர்ந்த புகையை மேகத்தோடு சேர்த்து ஒதுக்கிவிடலாம். மெல்லிய புகைதான் ஆபத்து: அது சிவப்பு எண்ணைக் கொஞ்சம் ஏற்றிவிடும், தாவரக் குறியீடு கொஞ்சம் இறங்கும், ஆரோக்கியமான காடு நோயுற்றதுபோலத் தோன்றும். இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருந்தாவிட்டாலும் கேடுதான். பிழையைப் பத்து சதவீதத்துக்குள் வைக்க வேண்டுமானால் பொருத்தம் ஒரு பிக்சலின் ஐந்தில் ஒரு பங்குக்குள், அதாவது தரையில் ஆறு மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று 1990-களின் ஆய்வுகள் காட்டின. இல்லாவிட்டால் நெடுஞ்சாலைகளின் இருபுறமும் மாற்றம் என்று கோடு விழுந்திருக்கும்.

ஆகவே மாற்றத்தைக் காணும் மென்பொருளின் திறமை முக்கால்வாசி, மாறாததை மாறியதாகச் சொல்லாமல் இருப்பதில் இருக்கிறது. என் கணிப்பில் இத்துறையின் நாற்பதாண்டு வளர்ச்சி முழுவதும் இந்த ஒரு கட்டுப்பாட்டைக் கற்றுக்கொண்ட வரலாறுதான்.

அந்தக் கட்டுப்பாட்டுக்குத் தேவைப்பட்டது ஒரு பிக்சலின் முழு வரலாறு. அது நெடுங்காலம் யார் கையிலும் இல்லை. 1980-களில் லேண்ட்சாட் படங்கள் தனியார் விற்பனைக்குப் போனபோது ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. பின்னர் லேண்ட்சாட் 7 வந்தபோது 600 டாலர். அந்த விலையில் ஆய்வாளர்கள் இரண்டு மூன்று படங்களைத்தான் வாங்க முடிந்தது, அதனால்தான் இரண்டு படக் கழித்தலே வழக்கமானது. தவிர லேண்ட்சாட் 5-இல் படத்தைச் சேமித்து வைக்கும் பதிவுக்கருவி கிடையாது. பார்த்ததை அப்போதே தரை நிலையத்துக்கு இறக்கியாக வேண்டும். மலாயாத் தீபகற்பத்துக்கு அந்த வேலையைச் செய்தது தாய்லாந்தின் லாட் கிராபாங் நிலையம். 2008-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை தன் கிடங்கை இலவசமாகத் திறந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் உலக நாடுகளின் நிலையங்களில் தங்கிக் கிடந்த படங்களையும் திரட்டத் தொடங்கியது. ஒரு அரசாங்கம் பொதுமக்களுக்குக் கொடுத்த அறிவுக் கொடைகளில் இதை மிக உயர்ந்த வரிசையில் வைப்பேன்.

படம் இலவசமானாலும் மேகம் விலகவில்லை. லேண்ட்சாட் 8-உம் 9-உம் கோலாலம்பூரின் மேல் வருவது மலேசிய நேரப்படி பதினொன்றே கால் மணியைத் தாண்டி. அதற்குள் தித்திவாங்சா மலைத்தொடரில் மேகம் கட்டத் தொடங்கிவிடும். மலேசியா 2009 ஜூலையில் ஏவிய ராசாக்சாட், பூமத்திய ரேகையை ஒட்டிய பாதையில் சுற்றியதே இதற்காகத்தான்: நாட்டின் மேல் ஒரே நாளில் பலமுறை வந்தால் மேகத்தின் இடுக்கில் எப்படியாவது தரை தெரியும். யோசனை அருமையானது, செயற்கைக்கோள் நீண்டநாள் தாங்கவில்லை.

மேகமும் அதன் நிழலும் விழுந்த பிக்சல்களை நீக்கும் நிரல்கள் 2012-க்குப் பிறகு செம்மையாயின. 2003 மே மாதம் லேண்ட்சாட் 7-இன் ஒரு பாகம் பழுதாகி, ஒவ்வொரு படத்திலும் 22 சதவீதம் கறுப்புக் கோடுகளாகிப் போயிருந்தது. அவற்றையும் விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். படம் என்ற கணக்கே போய்விட்டது. தெளிவாக இருந்த நாட்களின் எண்கள் மட்டும், ஒரு பிக்சலுக்கு ஒரு நீண்ட வரிசை.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெ சூ, கர்ட்டிஸ் உட்காக் ஆகிய இருவரும் 2014-இல் வெளியிட்ட முறை இதில் எனக்கு மிகவும் பிடித்தது. மென்பொருள் முதலில் ஒரு பிக்சலின் பழைய எண்களைக் கொண்டு அதன் இயல்பைக் கற்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை ஒன்று, அதனடியில் மெதுவாகச் சாயும் கோடு ஒன்று. பால்மரப் பிக்சலுக்கு பிப்ரவரிப் பள்ளம் அந்த அலைக்குள்ளேயே வந்துவிடும். பிறகு, அடுத்த தெளிந்த நாளில் எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணிக்கும். வந்த எண் கணிப்பிலிருந்து வழக்கமான விலகலைப்போல் மூன்று மடங்குக்கு மேல் விலகினால் சந்தேகக் குறி போடும். தொடர்ந்து மூன்று முறை அப்படி விலகினால்தான் மாற்றம் என்று ஒப்புக்கொள்ளும். தோட்டத்துப் பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், ஒருநாள் வராதவரின் பெயரைக் கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடமாட்டார்; தொடர்ந்து வராதபோதுதான் ஆள் போய்விட்டார் என்று எழுதுவார். மென்பொருளின் நிதானமும் அதுதான். ஒருநாள் புகை, ஒருநாள் கடலேற்றம், நீக்கத் தவறிய ஒரு மேகத் துண்டு எதுவும் மூன்று முறை தொடராது. புல்டோசர் தள்ளிய மண் தொடரும்.

நிதானத்துக்கு விலை உண்டு. மேகம் மூடிய மாதங்களில் மூன்று தெளிந்த நாள் கிடைக்கக் காலாண்டே ஆகலாம். அதற்குள் மரம் லாரியில் ஏறிப் போயிருக்கும். வரம்பைத் தளர்த்தினால் வேகம் கூடும், பொய்யும் கூடும். எதற்காகப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதை முடிவு செய்வது மனிதர்கள். வரலாறு எழுதுபவருக்குக் காத்திருக்க முடியும். காட்டைக் காக்கப் போகிறவருக்கு முடியாது.

இனி, இந்த மண்ணுக்கே உரிய கடினமான கேள்வி. பச்சை போய்ப் பச்சையே வந்தால்?

1960-களிலிருந்து மலேசியத் தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறின. நம் மக்களின் வேலை மாறியது, வருமானம் மாறியது, அதிகாலையில் சீவப் போன வாழ்க்கை குலை வெட்டும் வாழ்க்கையானது. தாவரக் குறியீட்டுக்கு முன்னதும் 0.8-ஐ ஒட்டி, பின்னதும் 0.8-ஐ ஒட்டி. செம்பனை ஹெக்டருக்கு 136 முதல் 148 மரம்வரை நடுவார்கள். ஒரு லேண்ட்சாட் பிக்சலுக்குள் பன்னிரண்டு, பதின்மூன்று மரம். கன்று நட்ட உடனே மண் அரிக்காமலிருக்க நிலமெங்கும் மூடுபயிர்க் கொடியைப் படரவிடுவார்கள். அது சில மாதங்களில் தரையை முழுக்கப் பச்சையாக்கிவிடும். ஆண்டுக்கு ஒரு படம் என்று பார்க்கும் மென்பொருள், மரம் விழுந்து கொடி படர்ந்த அந்த இடைவெளியைத் தாண்டிப் போயிருந்தால், நூறு ஏக்கர் ரப்பர் செத்து நூறு ஏக்கர் செம்பனை பிறந்ததை ஒன்றுமே நடக்கவில்லை என்று பதிவு செய்யும்.

இங்கே உதவுவது குற்றலை அகச்சிவப்பு. இலையிலும் மண்ணிலும் உள்ள ஈரத்தை அது உணரும். உயர்ந்த மரக்கூட்டத்தின் உள்நிழலில் எண் தாழ்ந்திருக்கும், தரையோடு படரும் கொடியில் உயர்ந்திருக்கும். பிப்ரவரிப் பள்ளம் இன்னொரு துப்பு. ரப்பர் ஆண்டுதோறும் இலையுதிர்க்கும், செம்பனை உதிர்ப்பதில்லை. ஒரு பிக்சலின் அலை ஓராண்டிலிருந்து தட்டையாகிவிட்டதென்றால் அந்த ஆண்டில் பால்மரம் போய்விட்டது என்று ஊகிக்கலாம். கழித்தலைக் கெடுத்த அதே இலையுதிர்வு, வரலாறு தெரிந்த மென்பொருளுக்கு மரத்தின் அடையாளமாகிவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு இதைவிட அழகாகப் படுவது வேறில்லை.

உலகக் காட்டிழப்பைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும். மேத்யூ ஹான்சன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட உலக வரைபடம், ஐந்து மீட்டருக்கு மேல் வளர்ந்த மரமறைப்பு போனால் அதை இழப்பு என்று சிவப்பில் குறிக்கும். சுமார் 25 ஆண்டில் கிழடாகி மறுநடவுக்காகச் சாய்க்கப்படும் செம்பனையும் அதில் சேரும். செம்பனைத் தோட்டங்கள் உள்ள கேரித் தீவில் சிவந்து தெரியும் பிக்சல்களைக் காட்டிக் காடு அழிகிறது என்பதும், மறுநடவுதான் என்று எல்லாச் சிவப்பையும் தள்ளிவிடுவதும் ஒரே அளவு அவசரம்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நிலைமை நேர்மாறு. செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற அந்தப் பேட்டை பின்னர் ரயில்வே ஊராயிற்று. பழைய ரயில் முற்றம் இருந்த 72 ஏக்கரில்தான் 2001-இல் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. முந்நூற்று இருபது பிக்சல் நிலம். சரளைக்கல், தண்டவாளம், துத்தநாகக் கூரை போய்க் கான்கிரீட்டும் கண்ணாடியும் வந்தன. தமிழர்கள் தலைமுறைகளாக வேலை பார்த்த ஓர் உலகமே மாறிப்போன அந்த இடத்தில் தாவரக் குறியீடு அசையக்கூட இல்லை, பச்சை முன்பும் இல்லை, பின்பும் இல்லை. கோபுரங்களின் நீண்ட நிழலையும் கூரைகளின் வெளிச்சத்தையும் எல்லா நிறங்களிலும் சேர்த்துப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும். தோட்டத்துக்குப் பொருந்தும் அளவுகோல் பேட்டைக்குப் பொருந்தாது. 2010-இல் லிட்டில் இந்தியா என்று தெருவை அலங்கரித்தபோது நட்ட வளைவுகள் 30 மீட்டர் பிக்சலில் கரைந்தே போகும். 2015-இலிருந்து படம் தரும் ஐரோப்பிய சென்டினல்-2-இன் 10 மீட்டர் பிக்சலுக்கும் அவை சின்னவைதான்.

வெளிச்சமே இல்லாதபோது? 2021 டிசம்பர் 18-ஆம் தேதி வாக்கில் கிள்ளான் ஆறு ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்தபோது வானம் முழுக்க மழைமேகம். அந்த நாட்களில் தரையைப் பார்க்கக்கூடியது சென்டினல்-1 போன்ற ரேடார்தான். சுமார் 5.6 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட அதன் அலை மேகத்தை ஊடுருவும். அமைதியான தண்ணீரில் பட்ட அலை கண்ணாடியில் பட்டதுபோல் வேறு பக்கம் போய்விடுவதால் வெள்ளம் கறுப்பாகத் தெரியும். வெள்ளத்துக்கு முந்தைய படத்தைக் கழித்தால் வயல்வெளியில் அருமையான வரைபடம் கிடைக்கும். நெருக்கமான வரிசை வீடுகளில் கிடைக்காது. தண்ணீரில் பட்ட அலை சுவரில் மோதித் திரும்பி வந்துவிடுவதால் மூழ்கிய தெரு கறுப்பதற்குப் பதில் பளிச்சிடலாம். மக்கள் கூரைமேல் ஏறி நின்ற இடங்களில்தான் இந்த எளிய கணக்கு தவறும். அங்கே ரேடார் அலையின் ஒழுங்கு முன்புபோல் இருக்கிறதா, குலைந்ததா என்று ஒப்பிடும் முறைகளை நாட வேண்டியிருக்கிறது.

கடைசியாக, எந்த அலைநீளத்திலும் தெரியாத ஒரு மாற்றம். 2020 பிப்ரவரியில் சிலாங்கூர் வனத்துறை, கோல லங்காட் வடக்கு வனக்காப்பகத்தில் 930.93 ஹெக்டரைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தது. பத்தாயிரம் பிக்சல்களுக்கு மேல். தெமுவான் ஒராங் அஸ்லி மக்களின் வாழ்வோடு பின்னிய கரிச்சதுப்புக் காடு அது. மக்கள் எதிர்த்தார்கள். காட்டின் ஒரு பகுதி தீயில் ஏற்கெனவே கெட்டுவிட்டது என்ற வாதம் எழுந்தபோது, அதைச் சோதிக்கக் கருவி இருந்தது. அகச்சிவப்பும் குற்றலையும் சேர்ந்த எரிவுக் குறியீட்டை ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆண்டுவாரியாக வரைந்தால் எந்த ஆண்டு எரிந்தது, எவ்வளவு வேகமாக மீண்டது என்று படிக்கலாம். மீண்டு வரும் காட்டின் கோடு மேல்நோக்கி ஏறும். அந்தப் பச்சை பழைய சதுப்பு மரமா, தீக்குப் பின் முளைத்த அக்கேசியாவா என்று தெரிய, இறங்கி நடந்துதான் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பையும் மீறி 536.7 ஹெக்டர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 2021 ஆகஸ்டு கடைசியில் வெளியானது. கையெழுத்து அதற்குச் சில மாதம் முன்பே விழுந்திருந்தது. செப்டம்பர் 8-ஆம் தேதி மாநில அரசு முடிவை ரத்து செய்தது. அந்த இடைப்பட்ட மாதங்களில் நிலம் காகிதத்தில் காடாக இல்லை. நிலத்தின் சட்டநிலை எந்த நிறத்திலும் எதிரொலிக்காது. கையெழுத்து விழுந்த நாளில் மென்பொருள் சந்தேகக் குறி போடவும் ஒன்றுமில்லை. பிக்சல் விழும்போது எச்சரிக்கை வரும், அப்போது மரம் தரையில் கிடக்கும். வனக்காப்பகங்களின் எல்லைக் கோடுகளும் அவற்றில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தமும், செயற்கைக்கோள் படங்களைப் போலவே, தேதியோடு, எவரும் இறக்கிக்கொள்ளும் வடிவில் உடனுக்குடன் வெளியாக வேண்டும். அப்போது கோட்டின் மாற்றத்தையும் அதே மென்பொருள் கவனிக்கும், கோல லங்காட் மக்கள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளும்வரை காத்திருக்க வேண்டியிருக்காது.